ரெக்கோவின் சீஸ் ஃபொகாச்சா: அடுப்பிலிருந்து வந்ததும் கை வைக்க வேண்டிய ரொட்டி

இத்தாலியில் உள்ளே பொருள் வைத்துச் சுடும் ரொட்டிகளுக்குப் பஞ்சமே கிடையாது. சிசிலியின் ரகூசா பக்கம் போனால் ஸ்காச்சா: ரவை மாவை மெல்லியதாகத் தேய்த்து, தக்காளிச் சாந்தும் சீஸும் பரப்பி, துணி மடிப்பது போல மடித்து மடித்துச் சுடுவார்கள். நேப்பிள்ஸில் ஈஸ்டர் வந்தால் கசாத்தியெல்லோ: பன்றிக் கொழுப்பும் மிளகும் சேர்த்துப் பிசைந்த மாவில் சலாமியும் சீஸும் சுருட்டி, மேலே ஓட்டோடு முட்டைகளைப் பதித்து வளையமாகச் சுடுவது. இவை இரண்டும் ஆறினாலும் தாங்கும். மறுநாள் ரயிலில் பிரித்துச் சாப்பிட்டாலும் நன்றாகவே இருக்கும். லிகூரியக் கடற்கரையில், ஜெனோவாவுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள ரெக்கோ என்ற சிற்றூரின் சீஸ் ஃபொகாச்சா இதற்கு நேர் எதிர். அடுப்பிலிருந்து வந்து பத்து நிமிடம் வரை அதற்கு இணை இல்லை. அரை மணி நேரம் போனால் அது வேறு பண்டம். இந்த மதிப்பீடு முழுக்க அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியதுதான்: அதை எங்கே, எப்படிப் பிடிப்பது, எது அதைக் கெடுக்கிறது.

பெயரில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஃபொகாச்சா என்றதும் பலருக்கு நினைவு வருவது, விரலால் குழி குழியாக அழுத்தி, குழியில் எண்ணெய் தேங்கி நிற்க, விரல் கனத்துக்கு உப்பி வரும் ஜெனோவா ரொட்டி. அது ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்தது. ரெக்கோவில் செய்வதில் ஈஸ்ட் கிடையாது, பொங்க வைப்பதும் கிடையாது. மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அந்த மாவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் இரண்டு விரிப்புகளாக இழுத்து, இடையில் புத்தம்புதிய சீஸைக் கட்டி கட்டியாக வைத்து, கடும் சூட்டில் சில நிமிடம் சுட்டு எடுப்பார்கள். மென்மையான ரொட்டியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இதில் ரொட்டி என்பது சீஸைத் தாங்கும் மெல்லிய தோல் மட்டுமே. அந்தத் தோல் எவ்வளவு மெல்லியது, எந்த இடத்தில் மொறுமொறுக்கிறது, எந்த இடத்தில் சீஸோடு கலந்து இளகி நிற்கிறது என்பதில்தான் தரம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. ரெக்கோ, கமோலி, சோரி, அவேன்யோ ஆகிய நான்கு ஊர்களின் எல்லைக்குள் செய்தால் மட்டுமே ‘ரெக்கோ சீஸ் ஃபொகாச்சா’ என்ற பெயரில் விற்கலாம். வாங்குகிறவர்களுக்கு இந்த விதிமுறையில் பயனுள்ள பகுதி ஊர்ப்பெயரைவிட இன்னொன்று: அரைவேக்காடாகச் சுட்டு வைப்பதும், உறைய வைத்து விற்பதும் அதில் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே மிலானிலோ ரோமிலோ ஒரு கடைப் பலகையில் ரெக்கோ என்ற பெயரைப் பார்த்தால் கேள்வி கேட்கலாம். நேர்மையான கடைக்காரர்கள் வெறுமனே ‘சீஸ் ஃபொகாச்சா’ என்று எழுதுவார்கள். அப்படி எழுதியிருப்பதாலேயே அது மட்டம் என்று நினைக்க வேண்டாம். நல்ல அடுப்பும் பழகிய கையும் இருந்தால் வெளியூரிலும் அருமையாக வரும். ஆனால் அங்கே நீங்கள் கையை நம்ப வேண்டும். ரெக்கோவில் விதிமுறையே உங்கள் பக்கம் நிற்கிறது.

வரலாறு பற்றிக் கடைச் சுவர்களில் நிறையத் தொங்கும். சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்கள் இதைச் சாப்பிட்டார்கள் என்பார்கள். கடற்கொள்ளையர்களுக்கு அஞ்சி மலைக்கு ஓடியவர்கள் கையில் இருந்த மாவையும் சீஸையும் கொண்டு சுட்டது என்றும் சொல்வார்கள். இவற்றைச் செவிவழிக் கதைகளாகக் கேட்டுக்கொள்ளலாம். கால் ஊன்ற இடம் கிடைப்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அப்போது ஊரில் உணவகங்கள் முளைத்தன. இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதத் தொடக்க நாட்களில் மட்டும் இதைச் சுட்டார்கள் என்பது ஊர் வழக்கு. பிறகு ஆண்டு முழுவதும் சுடத் தொடங்கினார்கள். 1885-இல் தொடங்கிய மனுவேலினா உணவகம் இன்றும் இயங்குகிறது. 1943, 44-இல் ரயில் பாலத்தைக் குறிவைத்து விழுந்த குண்டுகளில் ஊரே ஏறக்குறைய தரைமட்டமானது. இன்று நீங்கள் பார்க்கும் ரெக்கோ போருக்குப் பிறகு எழுப்பிய கட்டடங்களின் ஊர். அடுத்த ரயில் நிலையமான கமோலியின் வண்ண வீடுகளையும் துறைமுகத்தையும் மனதில் வைத்து வருகிறவர்களுக்கு இது சொல்ல வேண்டிய செய்தி. வேடிக்கை பார்க்கக் கமோலி, சாப்பிட ரெக்கோ என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி மாவுக்கு வருவோம். மேசையில் கிடக்கும் மாவு உருண்டை குறைந்தது அரை மணி நேரம் ஓய்வெடுத்திருக்க வேண்டும். முதலில் பூரிக்கட்டையால் ஒரு பெரிய தட்டு அளவுக்குத் தேய்க்கிறார்கள். அதற்குப் பின் கட்டைக்கு வேலை இல்லை. மாவை எடுத்து, விரல்களை மடக்கி, இரண்டு முஷ்டிகளின் முதுகில் போட்டுக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல விலக்கி விலக்கிச் சுற்றுகிறார்கள். வீச்சுப் பரோட்டா போடுகிற கையை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே மாவைக் கல்லில் வீசி அடிப்பதில்லை. தன் எடையாலேயே அது கீழே இறங்க வேண்டும். அடியில் உள்ள கை விரல்களின் நிழல் மாவுக்கு மேலே தெரிகிற வரை இழுக்கிறார்கள். முதல் விரிப்பு எண்ணெய் தடவிய தாம்பாளத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும்படி விழுகிறது. இரண்டாவது விரிப்பு அதைவிட மெல்லியது. அதுதான் மேல்பக்கம், அதுதான் சிவந்து மொறுமொறுப்பாக வர வேண்டியது. அதைப் போட்டதும் தாம்பாளத்தின் விளிம்பு நெடுகக் கட்டையை உருட்டினால் மிச்ச மாவு தானே அறுந்து விழுகிறது. அதே அழுத்தத்தில் இரண்டு விரிப்புகளும் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு மேல் விரிப்பை அங்கங்கே கிள்ளி, கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை போடுகிறார்கள். மேலே எண்ணெய் ஒரு கோடு, உப்பு ஒரு சிட்டிகை. முதல் உருண்டை முதல் ஓட்டை வரை, பழகிய கைக்கு இரண்டு மூன்று நிமிட வேலை.

அந்த ஓட்டைகள் அலங்காரத்துக்கு அல்ல. சீஸில் பாதிக்கு மேல் தண்ணீர். கடும் சூட்டில் அது ஆவியாகி வெளியேற வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் மேல் விரிப்பு பூரி போல உப்பி, சீஸிலிருந்து விலகி, தனியாகக் காய்ந்து, கடைசியில் ஓரத்தில் கிழிந்து சீஸ் முழுவதும் தாம்பாளத்தில் வழிந்து கருகும். சரியான ஓட்டை வழியே சீஸ் கொஞ்சம் பொங்கி எட்டிப் பார்க்கும், அங்கேயே பழுப்பாகிப் பொருக்குக் கட்டும். தாம்பாளத்தில் மிகச் சுவையான இடம் அதுதான்.

சீஸின் பெயர் கிரெஷென்சா. ஸ்ட்ராக்கினோ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ‘ஸ்ட்ராக்’ என்றால் லொம்பார்தி வட்டார மொழியில் களைப்பு. மலை மேய்ச்சலிலிருந்து களைத்து இறங்கி வந்த மாடுகளின் பாலில் செய்ததால் அந்தப் பெயர் என்பார்கள். பசும்பாலில் செய்து சில நாட்களே வைத்திருந்து விற்பது, தோல் கிடையாது, கத்தியால் வெட்டினால் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வரும், வாயில் லேசான புளிப்பு, பின்னால் பாலின் இனிப்பு. இந்த ரொட்டிக்கு வேறு சீஸ் ஏன் ஒத்துவராது என்பதற்குக் காரணம் இருக்கிறது. மொசரெல்லா உருகும்போது நூலாக இழுபடும், இழுபடும்போதே பால் நீரைக் கக்கும். அடி விரிப்பு ஊறிப்போகும். ரொட்டியில் தடவும் கிரீம் சீஸ் உருகி ஓடாது. சூடான களிம்பாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். முதிர்ந்த சீஸைத் துருவிப் போட்டால் கொழுப்பு பிரிந்து எண்ணெயாக நிற்கும், உப்பும் தூக்கலாகும். பனீர் போன்றவை புளிப்பு விட்டுத் திரித்துப் பிழிந்தவை; அவை உருகவே உருகாது, காயும். கிரெஷென்சா மட்டும் நாலைந்து நிமிடத்தில் முழுவதும் இளகி, பாலாடை மாதிரி பரவி, ஆனால் நூல் விடாமல் நிற்கிறது. பற்றுக்கும் ஒழுக்குக்கும் நடுவே ஒரு பதம் அது.

அளவிலும் கஞ்சத்தனம் கூடாது. மாவு எத்தனை கிராமோ, சீஸ் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு. பார்க்கும்போது மிகையாகத் தோன்றும். பெரிய நெல்லிக்காய் அளவுக் கட்டிகளாக, இரண்டு விரல் இடைவெளியில், தாம்பாளம் முழுக்க வைப்பார்கள். பரப்பித் தடவுவதில்லை, தடவினால் எல்லா இடமும் ஒரே மாதிரி நனைந்துவிடும். கட்டியாக வைத்தால்தான் ஓர் இடம் குழைவாகவும் அடுத்த இடம் மொறுமொறுப்பாகவும் வரும்.

தாம்பாளம் செம்பில் செய்து உள்ளே வெள்ளீயம் பூசியது, பெரியது, ஓரம் தாழ்ந்தது. செம்பு சூட்டை உடனே வாங்கி உடனே கொடுக்கும். அடுப்பின் சூடு 250-க்கும் 320 டிகிரிக்கும் இடையே. வேகும் நேரம் நான்கிலிருந்து எட்டு நிமிடம். இந்தக் கணக்கில்தான் பண்டத்தின் உயிர் இருக்கிறது. மாவு மிக மெல்லியது என்பதால் நேரம் நீண்டால் அப்பளமாகக் காய்ந்துவிடும். சூடு குறைந்தால் நேரம் நீளும். நேரம் நீண்டால் சீஸ் தன் தண்ணீரை வெளியே விடும். அடி வேகாமல் ஊறும், மேல் சிவக்காமல் வெளுத்திருக்கும். சுமாரான இடங்களில் நடக்கும் தவறு பெரும்பாலும் இது ஒன்றுதான். கூட்டம் வரும் நேரத்தில் அடுப்பை நிரப்பி நிரப்பித் திறந்து மூடினால் சூடு இறங்கிவிடும். அதனால் ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கிடைப்பதைவிட, அதே கடையில் பன்னிரண்டு மணிக்குக் கிடைப்பது பல சமயம் மேலானது.

உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் முதல் பரிந்துரை. இதை முதல் பண்டமாகக் கேளுங்கள். பிறகு பெஸ்டோ என்ற பேசில் இலைச் சாந்து போட்ட த்ரோஃபியே (முறுக்கிய குட்டைப் பாஸ்தா), வால்நட் சாந்தில் பன்சோத்தி (உள்ளே கீரை வைத்த பாஸ்தா) என்று போகலாம். பசியின் உச்சத்தில் சாப்பிட வேண்டியது இது. இருவருக்கு ஒரு பங்கு தாராளமாகப் போதும்; சீஸின் அளவை நினைத்தால் ஆளுக்கு ஒன்று கேட்பது பிந்தைய உணவுக்குச் செய்யும் அநியாயம். தட்டு வந்ததும் இவற்றைப் பாருங்கள். மேற்பரப்பு ஒரே நிறமாக இருக்கக் கூடாது: பொன்னிறத் தரையில் அடர்பழுப்புப் புள்ளிகளும், அங்கங்கே வெண்மையும் கலந்து, மேடு பள்ளமாக இருக்க வேண்டும். ஓட்டைகளில் சீஸ் இன்னும் கொப்புளித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு துண்டை எடுத்தால் முனை வளைந்து தொங்கும். அது குறை இல்லை, நடுப்பகுதி அப்படித்தான் இருக்கும். ஆனால் ஓரத்துத் துண்டு விறைத்து நிற்க வேண்டும். கடித்ததும் முதலில் மேல் தோல் நொறுங்கும் சத்தம், உடனே சீஸின் சூடும் புளிப்பும், கடைசியாக அடி விரிப்பின் எண்ணெய் மணம். மாவைப் பல்லால் மெல்ல வேண்டியிருந்தால் அது கனமாக இழுக்கப்பட்டது. தட்டில் வெள்ளையாகத் தண்ணீர் தேங்கினால் சூடு போதவில்லை, இல்லையேல் சீஸ் பழையது. கையெல்லாம் எண்ணெய் வழிந்தால் தாம்பாளத்தில் அளவுக்கு மீறி ஊற்றியிருக்கிறார்கள். நல்ல துண்டு விரலில் பளபளப்பை மட்டும் விட்டுச் செல்லும். கத்தியும் முள்கரண்டியும் வைப்பார்கள். கையால் சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

பேக்கரியில் எடைக்கு வாங்குவது இரண்டாவது வழி. விலையும் குறைவு, கடற்கரைக்கு எடுத்துப் போகலாம். இத்தாலியில் எடையை 100 கிராம் கணக்கில் ‘எத்தோ’ என்று சொல்வார்கள். ஒருவருக்கு இரண்டு எத்தோ நிறைவான சிற்றுண்டி. இங்கே சாமர்த்தியம் எல்லாம் காத்திருப்பதில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் பாதி விற்ற தாம்பாளம் ஒன்று இருக்கும். அதைக் காட்டிக் கேட்டால் அதைத்தான் வெட்டித் தருவார்கள். அடுத்த தாம்பாளம் எப்போது வரும் என்று கேளுங்கள். பல சமயம் ஐந்து பத்து நிமிடம்தான். அதற்காக நின்றவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். வெட்டும்போது ஓரமா நடுவா என்று சொல்லலாம்: மொறுமொறுப்புப் பிரியர்களுக்கு ஓரம், சீஸ் பிரியர்களுக்கு நடு. ஓரத்தில் சீஸ் குறைவு, எடை குறைவு, அதே காசுக்குத் துண்டு பெரிதாகக் கிடைக்கும். வாங்கியதும் காகிதத்தை நன்றாக மூடித் தரச் சொல்லாதீர்கள். மூடினால் ஆவி உள்ளேயே சுற்றி, நீங்கள் ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் மேல் தோல் நனைந்த துணியாகிவிடும். திறந்த காகிதத்தில் வைத்து, கடை வாசலிலேயே நின்று சாப்பிடுவது உத்தமம்.

பிட்ஸாத்தா என்று ஒரு வகையும் கிடைக்கும்: அதே ரொட்டியின் மேல் தக்காளி, நெத்திலி, கேப்பர் மொட்டு, ஒரெகானோ. நெத்திலியின் உப்பு சீஸின் பாலினிப்பை நன்றாகத் தூக்கிக் காட்டுகிறது. ஆனாலும் முதல் முறை போகிறவர்கள் வெறும் சீஸையே கேளுங்கள். தக்காளியின் ஈரம் மேல் தோலின் மொறுமொறுப்பில் பாதியைத் தின்றுவிடுகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இதில் முட்டை இல்லை, இறைச்சிக் கொழுப்பு இல்லை. ஆனால் இத்தாலியில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற நொதியைப் பயன்படுத்துவது வழக்கம். கிரெஷென்சாவும் பெரும்பாலும் அப்படித்தான். அதைத் தவிர்க்கிறவர்கள் ‘காலியோ’ எது என்று கேட்க வேண்டும்; ‘வெஜெத்தாலே’ என்று பதில் வந்தால் அது தாவர வகை. பிட்ஸாத்தாவில் நெத்திலி இருப்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டில் செய்ய முடியுமா என்றால், ஸ்ட்ராக்கினோ கிடைக்கும் ஊரில் முடியும். கிடைக்காத ஊரில் முயல வேண்டாம். மேலே சொன்ன காரணங்களால் வேறொரு பண்டம்தான் வரும். வீட்டு ஓவனில் நுழையும் 40-க்கு 30 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்கு 250 கிராம் மாவு, 130 மில்லி தண்ணீர், 25 மில்லி ஆலிவ் எண்ணெய், 5 கிராம் உப்பு, 450 கிராம் சீஸ். மாவுதான் முக்கியம். இத்தாலியில் மானிடோபா என்று விற்கிறார்களே, கனடா நாட்டு மாகாணத்தின் பெயரைத் தாங்கிய அந்த வலுவான கோதுமை மாவு சரியானது. வேறு எதை வாங்கினாலும் பையின் பின்பக்கத்தில் புரதம் 12 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள். சாதாரண மைதாவில் செய்தால் இழுக்க இழுக்க நடுவில் ஓட்டை விழும்.

பத்து நிமிடம் பிசையுங்கள். காது மடல் மாதிரி மென்மையாகி, மேல்பக்கம் வழவழப்பாக வர வேண்டும். எண்ணெய் தடவி மூடி, அரை மணி போதும் என்றாலும் வீட்டுக் கைக்கு ஒரு மணி நேரம் வைப்பது நல்லது. ஓய்வு போதாத மாவு இழுத்ததும் ரப்பராகத் திரும்பச் சுருங்கும். அப்போது பலத்தைக் காட்டினால் கிழியும். மூடி வைத்துவிட்டு இன்னொரு கால் மணி காத்திருப்பதே மருந்து. இதற்கிடையே ஓவனை அதன் உச்ச சூட்டில், பெரும்பாலும் 250 டிகிரி, முக்கால் மணி நேரம் காய விடுங்கள். அடித்தட்டில் ஒரு கனமான இரும்புத் தகடோ பிட்ஸா கல்லோ இருந்தால் அதையும் சேர்த்துக் காய விடுங்கள். செப்புத் தாம்பாளம் செய்கிற வேலையை ஓரளவு அதுதான் செய்யும்.

சீஸ் கடைசி நிமிடம் வரை குளிர்பெட்டியில் இருக்கட்டும். பொட்டலத்தில் நீர் தேங்கியிருந்தால் சல்லடையில் ஒரு மணி நேரம் வடிய விடுங்கள். குளிர்ந்த கட்டி விரிப்பில் ஒட்டாமல் உட்காரும். இளகியதை வைக்கப்போனால் விரலோடு மாவும் சேர்ந்து கிழியும். மாவைப் பாதியாகப் பிரிக்கும்போது அடிக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுங்கள். கையில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். நகம் நீளமாக இருந்தால் முஷ்டியை இன்னும் இறுக்கி மடக்குங்கள். அடி விரிப்பில் சிறு ஓட்டை விழுந்தால் ஓரத்து மிச்ச மாவைக் கிள்ளி ஒட்டலாம். மேல் விரிப்பில் விழுந்தால் விட்டுவிடுங்கள், ஆவி போகிற ஓட்டைகளில் அதுவும் ஒன்று. பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு, காய்ந்த தகட்டின் மேல் தட்டை நேராக வையுங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம். அதற்குள் அடி வெந்தும் மேல் வெளுத்திருந்தால், மேல்சூட்டை மட்டும் போட்டு ஒரு நிமிடம், கண்ணை எடுக்காமல். பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கிறது என்றால் ஓவன் சூடு பற்றவில்லை. அடுத்த முறை காய விடும் நேரத்தைக் கூட்டுங்கள், வேகும் நேரத்தை அல்ல.

முதல் முயற்சியில் ஒரு மில்லிமீட்டருக்குள் வராது. ஒன்றரை மில்லிமீட்டர் வந்தாலும் சாப்பிட நன்றாகவே இருக்கும். மெல்ல வேண்டிய மாவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பூரிக்கட்டையாலேயே முழுவதும் தேய்த்துவிடலாம் என்று தோன்றும். அதில் மாவு சீராக மெலியும், ஆனால் கட்டையின் அழுத்தத்தில் இறுகிவிடும். வெந்ததும் பிஸ்கட் மாதிரி தட்டையாக நிற்கும். கையால் இழுத்ததில் வருகிற அந்த மேடு பள்ளமும் கொப்புளமும் அதில் வராது.

கடைசியாக, சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டிகளில் காற்று இறுக்கிய பொட்டலமாகவும் உறைந்த வட்டமாகவும் விற்கும் ‘சீஸ் ஃபொகாச்சா’. இவற்றில் விரிப்பு கனமாக இருக்கும், ஏனென்றால் மெல்லியது பயணத்தில் உடையும். சீஸின் அளவு குறைவாக இருக்கும், ஏனென்றால் அதிகம் வைத்தால் அதன் ஈரம் உறைந்து உருகும்போது அடியை ஊற வைக்கும். பொட்டலத்துக்காக இந்த இரண்டையும் விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சுவது சீஸ் வைத்த சப்பாத்தி. பசிக்கு உதவும், இந்த ரொட்டியை முதன்முதலாக அறிந்துகொள்ள உதவாது. வழிப்பயணத்துக்கு உள்ளே பொருள் வைத்த ரொட்டி வேண்டுமென்றால், அதற்கென்றே பிறந்த ஸ்காச்சா மாதிரியான ஒன்றை வாங்குங்கள்.

வாங்கியதில் மிச்சம் வந்துவிட்டால் மைக்ரோவேவ் பக்கம் போகவே வேண்டாம்; அது தோலை ரப்பராக்கும், சீஸை ரவையாகத் திரிக்கும். எண்ணெய் விடாத தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்து, துண்டின் அடி படும்படி போட்டு, மூடாமல், நடுத்தர தீயில் இரண்டு மூன்று நிமிடம். மூடினால் ஆவி திரும்பி மேலே விழும். திருப்பிப் போட வேண்டாம், ஓட்டை வழியே சீஸ் கல்லில் ஒட்டும். சீஸ் ஓரத்தில் மறுபடி கொப்புளிக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். மேல் தோல் பழையபடி வராது. அடி மட்டும் மொறுமொறுப்பாகத் திரும்பும். இதையும் ஒரு முறைதான் செய்யலாம், அதுவும் அன்றைக்கே.